பாரிஸில் வெறுங்கால் சாமி

ஏகாம்பரத்தின் வலது பாதம் என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதமா அது? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட வஞ்சிர மீன் மாதிரி இருந்தது. விரல்கள் வெளுத்துப்போய் நகங்கள் மட்டும் நீலமாகத் தெரிந்தன.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆற்றங்கரையில் ஒரு கல் பெஞ்சு. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஈஃபில் கோபுரம், உச்சியை மேகத்துக்குள் விட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கத்தான் பாரிஸுக்கு வந்திருந்தோம்.

“நான் தேய்க்கிறது தெரிதாடா?” என்று கேட்டேன்.

“தெரியல சாமி” என்றான், கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா சோக்கா கீது பாரேன்.”

ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. ஆனால் அவன் கழுத்தில் துளசி மணி மாலை. மாலை போட்டவன் மேல் கை வைக்கக் கூடாது என்பது, கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த எனக்கே தெரியும்.

இந்தத் தொடரைப் படிக்கிற நண்பர் ஒருவர், “எத்தனை வாரத்துக்குத்தான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டையே சுற்றி வருவீர், கொஞ்சம் வெளியே வாருமய்யா” என்று டீக்கடையில் வைத்துக் கேட்டார். அவருக்காகத்தான் இந்த வாரம் பாரிஸ். ஆனால் அங்கேயும் எஸ்டேட் எங்களை விடவில்லை. அதுதான் கதை.

இரண்டு கறுப்புச் சட்டைகள்

ஏகாம்பரத்துக்கு ஊர் நூம்பல். அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைச் சம்பளம் வாங்கியவன் இவன்தான். திருவேற்காடு வழியாக சைக்கிள் மிதித்து எஸ்டேட்டுக்கு வருவான். நான் அம்பத்தூர்க்காரன். இருவரும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தோம். ஒரே கிரைண்டிங் செக்‌ஷன், ஒரே ஷிஃப்ட். அவன் சாப்பாட்டு டப்பாவை நான் காலி செய்வேன், என்னுடையதை அவன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்கு ஆகாது. அவன் ரோட்டோரம் ஒரு கல் நின்றாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வான். நான் கோயில் பிரசாதத்தைக்கூட “சுண்டல்” என்று சொல்லித்தான் வாங்கித் தின்பேன். இத்தனை வருடத்தில் அவன் என்னைத் திருத்தப் பார்த்ததில்லை. நான்தான் அவனைத் திருத்தப் பார்த்து, திருத்தப் பார்த்து, தொண்டை காய்ந்தேன்.

அவன் பெண் செல்வி பிறந்தபோதே இதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு கறுத்துவிடும். நாலு எட்டு ஓடினால் குந்திவிடுவாள். நாங்கள் பாரிஸ் போன வருடம் கோடையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. கதவுக்கு வெளியே அவனும் அவன் மனைவி கஸ்தூரியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஏகாம்பரம் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பெண் பிழைத்து வந்தால் அந்த வருடமே மாலை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் விரதம் இருந்து, சபரிமலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டானாம். குழந்தை பிழைத்தாள். டாக்டரைக் கும்பிடு என்று நான் சொன்னேன். டாக்டரையும் கும்பிட்டான். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வந்தது பிரான்ஸ் பயணம்.

கம்பெனி அங்கிருந்து ஒரு புது கிரைண்டிங் மெஷின் வாங்கியிருந்தது. அதை ஓட்டப் பழகிக்கொள்ள இரண்டு பேரை அனுப்ப வேண்டும். எங்கள் இருவர் பேரும் எப்போதோ முடிவாகி, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. பங்குனியில் போயிருக்க வேண்டியது. அவர்கள் மெஷினை முடிக்கத் தாமதமாகி, தள்ளித் தள்ளி, சரியாகக் கார்த்திகையில் வந்து நின்றது.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, மாலையைக் கழற்றிவிட்டுப் போ, இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். கழற்ற மாட்டேன், வேலையில் ஒரு குறை வந்தால் அப்புறம் கேளுங்கள் என்றான் ஏகாம்பரம். வேலையில் அவன் குறை வைக்க மாட்டான் என்பது மேனேஜருக்கும் தெரியும். விட்டுவிட்டார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நூம்பலிலிருந்து ஒரு மினி லாரி நிறைய ஆட்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். நான் என் கொள்கைப்படி கறுப்புச் சட்டை. அவன் விரதப்படி கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, மேலே கம்பெனி வாங்கித் தந்த கம்பளிக் கோட்டு, கீழே வெறுங்கால். பார்த்தவர்கள், நாங்கள் இருவரும் ஒரே குழுவில் மலைக்குப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எது செருப்பு, எது செருப்பில்லை

மாலை போட்டவன் காலில் எதுவும் அணியக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எஸ்டேட்டில் இதற்கு ஒரு உள் சட்டம் உண்டு.

கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் ஒர்க் ஷாப்பில் பாதிப் பேர் கறுப்பு வேட்டிக்கு மாறிவிடுவார்கள். தரையெல்லாம் இரும்புச் சுருள் கிடக்கும். வெறுங்காலோடு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் பாதம் கிழிந்துவிடும். நிர்வாகம் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடாது. சாமிகள் ஷூ போட மாட்டார்கள். ஒரு வருடம் இதனால் வேலையே நிற்கும் போலாகிவிட்டது. அப்போது அசெம்பிளி செக்‌ஷனில் இருந்த, பல வருடம் மலைக்குப் போய்வந்த எங்கள் குருசாமி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். டூட்டியில் போடுகிற ஷூ செருப்புக் கணக்கில் வராது, அது ஸ்பேனர் மாதிரி ஒரு சாமான் என்று.

அதோடு பிரச்சினை தீர்ந்தது. ஷாப் வாசலில் ஷூக்கள் வரிசையாக இருக்கும். சங்கு ஊதினால் மாட்டுவார்கள், மறுபடி சங்கு ஊதினால் கழற்றுவார்கள். டூட்டிக்கு வெளியே ஒருவரும் ஒரு அடிகூட அதோடு நடந்ததில்லை. கேன்டீனுக்குப் போவதென்றாலும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போவார்கள். நான் இதை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் தெரியுமா? ஐயப்பனுக்குச் சங்கு சத்தம் கேட்கிறதா என்று கேட்பேன். ஏகாம்பரம் சிரிப்பான், அவ்வளவுதான்.

பிரான்ஸிலும் அதே சட்டத்தைத்தான் கடைப்பிடித்தான். நாங்கள் தங்கியிருந்த அறை தொழிற்சாலைக்குப் பின்னாலேயே இருந்தது. வெறுங்காலோடு நடந்து வருவான், ஷாப் வாசலில் ஷூவை மாட்டுவான், சாயங்காலம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு திரும்புவான். தரையில் உறைபனி உப்புத் தூள் தூவினாற்போல் கிடக்கும்.

அங்கிருந்த ஃபோர்மன் மீசை வைத்த நல்ல மனிதர். முதல் வாரமே என்னைத் தனியாக அழைத்துப்போய், உங்கள் கம்பெனி இவருக்குச் சம்பளம் தருகிறதா என்று கவலையோடு விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் இது வேண்டுதல் என்று விளக்கினேன். கடவுள் இல்லை என்கிற நான், ஐயப்பனைப் பற்றி ஒரு வெள்ளைக்காரருக்குப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் வீட்டிலிருந்து கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவந்து நீட்டினார்.

காலுறை செருப்பா இல்லையா? குருசாமியைக் கேட்க வழியில்லை. ஏகாம்பரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “துணிதானே சாமி” என்று அவனே தீர்ப்புச் சொல்லி மாட்டிக்கொண்டான். எனக்கு உயிர் வந்தது.

மாலை போட்ட நாளிலிருந்து அவனுக்கு எல்லோரும் சாமிதான். நான் சாமி, ஃபோர்மன் சாமி, பஸ் கண்டக்டர் சாமி. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த சின்னப் படத்துக்கு முன்னால் சரணம் சொல்வான். நான் தூங்குகிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வான். அவனே சமைத்து எனக்கும் போடுவான். நானும் அந்த அறைக்குள் கறி கொண்டுவந்ததில்லை. அவன் கேட்கவில்லை, நானாகத்தான் விட்டேன். கொள்கை வேறு, ஒரே அறையில் இருக்கிறவன் வேறு.

எட்ட இருந்தால் கிட்டத் தெரியும்

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். ரயிலில் போய்வரும் தூரம்தான். ஏகாம்பரம் புளிசாதம் கட்டிக்கொண்டான். நான் அவனுக்குத் தெரியாமல் அவனுடைய சேஃப்டி ஷூவை மஞ்சள் பையின் அடியில் போட்டு, மேலே துண்டை வைத்து மூடிக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. வானம் இருந்த இருப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஆற்றுக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கிற இடத்தில் பெரிய மாதாகோயிலுக்குப் போனோம். வாசலில் ஏகாம்பரம் காலுறையையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். உள்ளே போனதும் அவன் முகம் மாறிவிட்டது. வந்திருக்கிற அத்தனை பேர் காலிலும் பூட்ஸ். “சாமி இருக்கிற எடத்துக்குள்ள செருப்போட வராங்களே” என்று என் காதில் சொன்னான். கோபமாக இல்லை, பாவம் இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்கிற வருத்தமாக.

ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினான். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நெடுநேரம் நின்றான். செல்வி பெயரைச் சொல்லி வேண்டியிருப்பான். நான் தூணில் சாய்ந்துகொண்டு, இவ்வளவு உயரத்துக்கு இந்தக் கல்லை எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது, தள்ளுவண்டியில் காய்கறி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மாள் அவன் காலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். படபடவென்று என்னவோ பேசினார். அப்புறம் வண்டிக்குள் கைவிட்டு, வீட்டில் போட்டுக்கொள்கிற துணிச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்தார். புத்தம் புதிது. யாருக்கோ வாங்கிக்கொண்டு போகிறார் போல. அதைக் குனிந்து அவன் காலடியில் வைத்தார். ஏகாம்பரம் பதறிப்போய் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, “வேணாம் சாமி, நல்லா இருங்க சாமி” என்று கும்பிட்டான். அந்த அம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. நாங்கள் தெரு முனை திரும்பும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் செய்த மடத்தனம் என்னுடையது. ஆற்றங்கரைக்கு வந்தால் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. இதோ இருக்கிறது, இதற்குப் போய் ரயில் எதற்கு, நடந்தே போய்விடலாம் என்றேன். நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற கோபுரத்துக்கு நடந்துதானே போவோம்? நடந்தோம், நடந்தோம். பாலத்துக்கு மேல் பாலமாக வந்துகொண்டே இருந்தது, கோபுரம் மட்டும் கிட்டே வரவில்லை. பாதி வழியில் அந்த ஊசி மழை பிடித்துக்கொண்டது.

அவன் மறுபடி மாட்டியிருந்த காலுறை நனைந்து சொதசொதவென்று ஆகிவிட்டது. நனைந்த கம்பளி வெறுங்காலைவிட மோசம். கழற்றிப் பிழிந்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். பிறகு, கால் மரத்துப்போய் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை, கொஞ்சம் குந்திவிட்டுப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். அப்படி உட்கார்ந்த பெஞ்சுதான் அது.

டூட்டி

தேய்த்தேன், ஊதினேன், என் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். நிறம் திரும்பவே இல்லை. அந்த ஊரில் குளிரில் கால் விரல் கறுத்து வெட்டி எடுத்த கதையை ஃபோர்மன் சொல்லியிருந்தார்.

மஞ்சள் பையிலிருந்து ஷூவை எடுத்து வெளியே வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கெஞ்சினேன். திட்டினேன். கால் போய்விட்டால் கிரைண்டிங் மெஷின் முன்னால் எப்படி நிற்பாய் என்றேன். உன் ஐயப்பன் அவ்வளவு கல் நெஞ்சுக்காரனா என்றேன். எனக்குத் தெரிந்த பகுத்தறிவு மொத்தத்தையும் அந்த ஆற்றங்கரையில் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்.

“பொண்ணு உசுரு சாமி அது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் ஷூவையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றேன். நீ நடக்கிறாய் இல்லையா, நானும் நடக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே கால் போகட்டும் என்று சொல்லி அந்த ஈரக் கல்லில் நடக்க ஆரம்பித்தேன்.

ஐயோ, அந்தக் குளிரைச் சொல்லி மாளாது. பாதத்திலிருந்து மண்டைக்கு ஆணி அடித்த மாதிரி ஏறியது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. பத்தடி போவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நின்றால் விசில் மாதிரி மூச்சு. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். பின்னால் ஏகாம்பரம் விந்தி விந்தி வந்து என் முதுகைத் தடவினான். “போட்டுக்கோ சாமி, வேணாம், போட்டுக்கோ” என்று என் ஷூவை எடுத்துவந்து காலடியில் வைத்தான். நீ போட்டால்தான் நான் போடுவேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல்.

அந்த இருமலுக்கு நடுவில்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

கம்பெனிக் காகிதத்தில் எங்கள் இருவரில் நான்தான் டீம் லீடர். நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இருந்தாலும் லீடர் லீடர்தானே? நிமிர்ந்து நின்று, முடிந்தவரை மேனேஜர் குரலில், இன்றைக்கு நாம் ஊர் சுற்ற வரவில்லை, டூட்டியில் வந்திருக்கிறோம் என்றேன். இந்தக் கோபுரம் முழுக்க ரிவெட் ஆணி அடித்து நிற்கிறது, இத்தனை வருடமாக எப்படி நிற்கிறது என்று நேரில் பார்த்துவந்து சொல்லும்படி கம்பெனி உத்தரவு, உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று அளந்தேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை அவன் தாடியில் சொட்டியது.

“டூட்டியா?” என்றான்.

“டூட்டி” என்றேன்.

நான் மறுபடி இருமினேன்.

“அப்ப குடு” என்றான். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினான். அதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் வாய்க்குள் என்னவோ சொன்னான். நான் என் ஷூவை மாட்டிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரே குதியாட்டம்.

பாலத்தைத் தாண்டிக் கோபுரத்துக்குப் போனோம். டூட்டி என்று சொல்லிவிட்டதால் நடிக்க வேண்டுமே. ஒவ்வொரு தூணாக நின்று நின்று ரிவெட்டைத் தட்டிப் பார்த்தேன். அவனும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று தலையாட்டினான். லிஃப்டில் மேலே போனோம். அதற்குள் மேகம் சற்று விலகியிருந்தது. ஊர் மொத்தமும் சாம்பல் நிறக் கூரைகளாக, நடுவில் ஆறு வளைந்து வளைந்து போகிறது. நூம்பல் எந்தப் பக்கம் என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் புளிசாதத்தைப் பிரித்தேன். அவ்வளவு உயரத்தில் காற்றில் கை விறைக்க, ஆளுக்கு ஒரு கவளமாகத் தின்றோம். என் வாழ்நாளில் அதைவிட ருசியான புளிசாதம் சாப்பிட்டதில்லை.

திரும்பிவந்து ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டான். கால் விரல்களுக்கு நிறம் திரும்பியிருந்தது.

கேன்டீன் வீரம்

ஊருக்கு வந்ததும் தை மாதம் அவன் மலைக்குப் போய்வந்தான். எனக்கு அந்த வருடம் முழுக்க வேறு கதையே கிடையாது. கேன்டீனில் யார் எதிரே உட்கார்ந்தாலும் பாரிஸ் கதைதான். நாத்திகன் ஒருவன் எப்படி சாமிகள் சட்டத்தை வைத்தே ஒரு சாமியை மடக்கினான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். குருசாமியே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பவன் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான்.

அடுத்த கார்த்திகை வந்தது. மறுபடி மாலை போட்டுக்கொண்டு ஷாப்புக்கு வந்தான். ஒரு வருடம் என்றுதானே வேண்டியிருந்தான்? சரி, ருசி கண்டுவிட்டான் போல என்று நான் கண்டுகொள்ளவில்லை.

இருமுடி கட்டுகிற அன்று நூம்பலில் அவன் வீட்டுக்குப் போனேன். கொள்கை கொள்கைதான், ஆனால் அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தால் கஸ்தூரி விட மாட்டாள். “சாமி குளிக்கப் போய்க்கீது, குந்துங்கண்ணே” என்று காபி கொண்டுவந்து வைத்தாள். இன்னும் எத்தனை வருடம் இப்படிப் போகப்போகிறானாம் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“இத்தோட முடிஞ்சிதுண்ணே” என்றாள். “போன வருசம் போனது சேத்தி இல்லியாம். ஊருக்குப் போன எடத்துல செருப்புப் போட்டுட்டாராமே.”

அது டூட்டியில் போட்டதுதானே என்றேன். அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

“இன்னாவோண்ணே. அங்கேந்து வந்ததுலேந்து ஒரே பயம். பொண்ணு தூங்கசொல்ல மூக்காண்ட கை வெச்சி வெச்சிப் பாப்பாரு. வருசம் பூரா அதான். கேட்டா ஒண்ணும் இல்லம்பாரு. போன மாசம் மாலை போட்டதுக்கு அப்பாலதான் ராத்திரில தூங்கவே ஆரம்பிச்சாரு.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வருடம் முழுக்க நான் கேன்டீனில் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் மூச்சைத் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

ஏகாம்பரம் ஈரத் தலையோடு உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு. டூட்டி என்று நான் சொன்னதை நம்பவில்லையா என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம எவன் சாமி டூட்டி பாப்பான்?” என்றான். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னான். “நீ வெறுங்காலோட நிக்கிறே. மூச்சு வுட முடியல. நான் போட்டாதான் நீ போடுவேன்றே. அப்பால நான் இன்னா செய்ய? அங்கியே ஐயப்பனாண்ட சொல்லிக்கினேன், அடுத்த வருசம் ஒழுங்கா வரேன், அதுவரிக்கும் கொழந்தைய ஒண்ணும் பண்ணிடாதன்னு. அவரு ஒரு வருசம் பொறுப்பாரு. உன் நெஞ்சு பொறுக்காதே.”

சொல்லிவிட்டு இருமுடிக்கு அரிசி எடுக்க உள்ளே போய்விட்டான்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். தெருவில் கட்டம் கிழித்து செல்வி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் ஒவ்வொரு கட்டமாகத் தாவி, கடைசிக் கட்டத்தில் திரும்பி, மறுபடி தாவி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறதா என்று வெகுநேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.